ஸ்டீபன் / முடியப்பன் என்று பெயர் உள்ளவர்கள், வீட்டில் அந்தப் பெயர் இருப்பவர்கள்: மறக்காத அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

கடலோடி:
ஞானஸ்நானப் பெயர் ஸ்டீபன், பாஸ்போர்ட்டில் அதையே தமிழில் சொல்கிற தாத்தா பெயர், முடியப்பன் (இங்கே முடி என்றால் கிரீடம்). கிரேக்கக் கம்பெனியின் சரக்குக் கப்பல், நான் அப்போது ஃபோர்த் இன்ஜினியர். க்ரூ லிஸ்டைப் பார்த்துக்கொண்டே வந்த கேப்டன் என் பெயரில் நின்று, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் என் விரல் தலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டது. அவர் ஒரு நிமிஷம் பார்த்தார், தன் தலையைச் சுற்றி அதே வட்டத்தைப் போட்டார், நெஞ்சில் தட்டி "ஸ்டெஃபனோஸ்" என்றார். அவர் பெயர் அதுதான். அப்புறம் போனை எடுத்து மகள் கல்யாணப் படத்தைக் காட்டினார், மாப்பிள்ளை தலையிலும் பெண் தலையிலும் ரிப்பனால் சேர்த்துக் கட்டிய இரண்டு வளையம், அதற்கும் ஸ்டெஃபனா என்றுதான் பெயராம். டிசம்பர் 27 அவருடைய பெயர்த் திருநாள், அதாவது அந்தப் பெயருள்ள புனிதரின் விழா (நமக்கு 26, அவர்கள் சபையில் மறுநாள்). கிரேக்கர்கள் பலருக்குப் பிறந்தநாளைவிட அதுதான் பெரிசு. அன்றைக்கு மெஸ்ஸில் கேக் வெட்டி முதல் துண்டை என் கையில் கொடுத்து "க்ரோனியா பொல்லா" என்று வாழ்த்தினார். என் தாத்தா பெயரும் அந்த மனுஷன் பெயரும் ஒன்று என்பது இன்னமும் எனக்கு ஆச்சரியம்தான். வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மலர்_திண்டுக்கல்:
அண்ணா, உங்களுக்குக் கிடைத்த மரியாதை என் தம்பிக்குக் கிடைக்கவில்லை. அவனும் முடியப்பன், தாத்தா பெயர். ஆறாம் வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது ஒருவன் தலைமயிரைப் பிடித்துக் காட்ட, வகுப்பே சிரித்திருக்கிறது, வாத்தியாரும் சேர்ந்து. அதன்பிறகு தினமும் அதே கேலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வருவதற்குள் மாற்றியே ஆக வேண்டும் என்று அழுதான், மாற்றினோம். அப்பா கையெழுத்துப் போடும்போது பேனாவை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார், பக்கத்தில் நின்ற எனக்கு அதைத்தான் மறக்க முடியவில்லை. அவருடைய அப்பா பெயர் அல்லவா? பெயருக்கு அழகான அர்த்தம் இருக்கிறது என்று இங்கே எல்லோரும் எழுதலாம், அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவன் அவன்.

உபதேசியார்_மகன்:
மலர், அந்த வாத்தியார் செய்தது அநியாயம். ஆனால் பையனுக்கு வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கலாம்: முள்முடி. தவக்காலத்தில் சிலுவைப்பாதையின்போது என் மகன் (அவனும் ஸ்டீபன்) என் சட்டையைப் பிடித்து இழுத்து "அப்பா, இயேசு தலையில் இருப்பது என் பெயரா?" என்று கேட்டான், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆமாம், அதேதான். நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் முள்முடிக்கும் ஸ்டெஃபனோஸ் என்ற சொல்தான். கடலோடி சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். முடி என்றதும் நமக்கு ராஜா கிரீடம் நினைவு வரும், கிரேக்கத்தில் அதற்கு டயடேமா என்று தனிச்சொல் உண்டு. ஸ்டெஃபனோஸ் பெரும்பாலும் பந்தயத்தில் ஜெயித்தவன் தலையில் வைக்கிற இலை வளையம். "நீ மரணபரியந்தம் உண்மையாயிரு, அப்பொழுது ஜீவகிரீடத்தை உனக்குத் தருவேன்" என்று பைபிளின் வெளிப்படுத்தல் புத்தகத்தில் வருகிற கிரீடமும் இதே சொல். விசுவாசத்துக்காகக் கல்லால் அடிபட்டுச் செத்த ஸ்டீபன், அந்த முதல் வேதசாட்சியின் பெயர் இது என்று யோசித்துப் பாருங்கள். பேதுருவை இராயப்பர், பவுலைச் சின்னப்பர், அந்திரேயாவைப் பெலவேந்திரர் என்று நம் முன்னோர் கூப்பிட்டது சும்மா அல்ல, அர்த்தத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். அதை வெட்கப்பட்டு விடுவது எனக்குச் சம்மதமில்லை.

மலர்_திண்டுக்கல்:
நாங்கள் வெட்கப்பட்டு விடவில்லை ஐயா. பதினைந்து வயதுப் பையன் சாப்பிடாமல் படுத்திருந்தான், அதனால் விட்டோம்.

திருச்சூர்_வாசி:
எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா எஸ்தப்பான். அதுவும் ஸ்டீபன்தான் என்று அவர் பேரன் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது, தாத்தா எஸ்தப்பான், பேரன் ஸ்டீபன், ஒரே அட்டையில் அடுத்தடுத்த வரியில்.

சரி, இனிமேல் பெயர் வைக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பிறப்பைப் பதிந்துவிட்டுப் பெயரை அப்புறம் சேர்க்கலாம், பன்னிரண்டு மாதம் வரை கட்டணம் கிடையாது, அதற்குப் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம், அதனால் அவசரப்பட்டு எதையாவது எழுதிக் கொடுக்காதீர்கள். ஸ்டீபனுக்கு ஆங்கிலத்தில் பி-எச் போடுவதா வி போடுவதா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள், ஞானஸ்நானச் சீட்டில் ஒன்றும் ஆதாரில் ஒன்றும் இருந்தால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைச்சல். பள்ளியில் சேர்க்கும் அன்றைக்கு விண்ணப்பத்தில் உள்ள எழுத்தை நீங்களே ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். தாத்தா பெயர் போகக் கூடாது என்றால் முடியப்பன் ஸ்டீபன் என்று இரண்டையும் சேர்த்தே பதியலாம், எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்பதைப் பையன் வளர்ந்து பார்த்துக்கொள்ளட்டும். மலரின் தம்பிக்குப் பழைய பெயர் மறுபடி வேண்டுமென்றால் அரசிதழில் வெளியிட்டு மாற்றலாம். அந்த அரசிதழின் நகல்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பேங்கில் கேட்பார்கள்.