கேஸ் 6254 மடக்குக் கத்தி: புள்ளிகளைத் தேய்த்து எடுத்திருக்கிறார்களா?

வணக்கம். என்னிடம் இருப்பது அமெரிக்காவின் கேஸ் நிறுவனத்தின் 6254: மடித்த நிலையில் 4⅛ அங்குலம் உள்ள, 'டிராப்பர்' (Trapper) எனப்படும் இரட்டை அலகு மடக்குக் கத்தி. அலகின் அடியில் (பிடியோடு சேரும் பகுதியில்) 'கேஸ் எக்ஸ்எக்ஸ் யு.எஸ்.ஏ.' முத்திரை இருக்கிறது, தயாரிப்பு ஆண்டைக் காட்டும் புள்ளிகள் இல்லை. அப்படியே நம்பினால் 1965–69. 1970-இல் 10 புள்ளிகள் வந்தன, பிறகு ஆண்டுக்கொன்றாகக் குறைந்தன. ஆகவே புள்ளிகளைத் தேய்த்து எடுத்தால் கத்தி பழையதாகத் தோன்றும்.

உறுத்துவது முத்திரைக்குக் கீழே உள்ள பரப்புதான். 10 மடங்கு லென்ஸில், சாய்வாக வெளிச்சம் விட்டால், புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் லேசான பள்ளமும் ஒரே திசைக் கீறல்களும் தெரிகின்றன. வெர்னியரில் அந்த இடம் 0.1 மி.மீ. மெலிவு. துருவைத் தேய்த்ததாலும் இப்படி ஆகலாம், ஆனால் அப்போது எழுத்துகளின் விளிம்பும் மழுங்கியிருக்க வேண்டுமே! இங்கே அவை கூர்மையாக உள்ளன.

பிடி எலும்புதான்: நுண்துளைகள் தெரிகின்றன, டெல்ரின் பிளாஸ்டிக்கில் அவை இருக்காது. (சூடான ஊசிச் சோதனை வேண்டாம், வடு போகாது.) உலோக முனையில் ஆணியைச் சுற்றி வளையம் தெரியவில்லை, ஆகவே அலகு மாற்றப்பட்டதாகத் தோன்றவில்லை.

சந்தேகமற்ற 1965–69 6254 வைத்திருப்பவர்கள், முத்திரைக்கு மேலும் கீழும் அலகடியின் தடிமனை அளந்து சொல்லுங்கள். சாய்வெளிச்சப் படமும் இருந்தால் பேருதவி.