ஏ.சி. இல்லாத டேகெயாரில் பிள்ளையை விடுவது குற்றமா?

உவர்மலை அம்மா:
நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: திருகோணமலை வெயிலில் ஏ.சி. இல்லாத டேகெயாரில் பிள்ளையை விடுகிறவர்கள் காசைத்தான் காப்பாற்றுகிறார்களாம், பிள்ளையை அல்லவாம். வாசித்ததிலிருந்து வயிறு எரிகிறது. என் மகளை விடும் இடத்தில் இரண்டு பக்கமும் யன்னல், மேலே மின்விசிறி, முற்றத்தில் வேப்பமரம். 84 வேலைநாள் பிரசவ விடுமுறை முடிந்த கையோடு அலுவலகத்துக்கு ஓடுகிறவளுக்கு இந்தப் பட்டமும் வேண்டுமா?

சீனக்குடாத் தந்தை:
எழுதியவன் நான்தான். ஒரு எழுத்தையும் அழிக்க மாட்டேன். ஆனி மாதம் கச்சான் காற்று வீசும்போது மதியம் உங்கள் யன்னலால் வருவது காற்றல்ல, அனல். உடம்பெல்லாம் வியர்க்குருவோடு பிள்ளை எப்படித் தூங்கும்? ஏ.சி. ஆடம்பரம் அல்ல, அடிப்படை.

பாலர்வகுப்பு ரீச்சர்:
தம்பி, அந்தக் கச்சானில் வளர்ந்துதான் நீங்களும் இவ்வளவு வாயோடு இருக்கிறீர்கள். தலை நரைக்கும்வரை இந்த ஊர்ப் பிள்ளைகளோடு இருந்தவள் சொல்கிறேன், கேளுங்கள். ஏ.சி. போட்டால் யன்னலைச் சாத்த வேண்டும். சாத்திய அறையில் திங்கட்கிழமை ஒரு பிள்ளை இருமினால் வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் இருமும். சின்னமுத்துக்கான முதல் தடுப்பூசி ஒன்பது மாதத்தில்தான், இரண்டாவது மூன்று வயதில். ஆறு மாதக் குழந்தையை அந்தப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்குப் பெயர் பராமரிப்பா?

கணக்கர்:
முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம்? முன்பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும். பகல் பராமரிப்பு நிலையம் மாலைவரை நடக்கும். கைக்குழந்தைக்கும் நாலு வயதுப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோலா?

சீனக்குடாத் தந்தை:
ரீச்சர் இருமலைப் பற்றிப் பேசுகிறார், டெங்கைப் பற்றி மூச்சில்லை. டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும், பிள்ளை தூங்கினாலும் விடாது. 2017இல் கிண்ணியா பட்ட பாடு அதற்குள் மறந்துவிட்டதா? சாத்திய அறைக்குள் நுளம்பு வராது. ஆகவே ஏ.சி.

கிண்ணியாக்காரி:
நுளம்பு என்றதும் எங்கள் ஊர்தான் வாயில் வருகிறதா? டெங்கு கிண்ணியாப் பாலம் கடந்து உங்கள் பக்கம் வரவேயில்லை போலும். ஒன்று கேட்கிறேன், உங்கள் ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீர் எங்கே போகிறது? பின்பக்கத்து வாளிக்குள்தானே? அதற்குள் குனிந்து பார்த்திருக்கிறீர்களா?

சீனக்குடாத் தந்தை:
ஊரைப் பழிக்கவில்லை, நடந்ததைச் சொன்னேன். உடனே ரோசம்.

கிண்ணியாக்காரி:
ரோசம் இருப்பதால்தான் கேட்கிறேன். வாளிக்குப் பதிலைக் காணவில்லை.

பாலர்வகுப்பு ரீச்சர்:
வாளி கிடக்கட்டும், யன்னலுக்கு நுளம்பு வலை அடிக்கலாம் என்பதுகூடவா தெரியாது? 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்சாரம் போனதே, அப்போது உங்கள் குளிர் அறைக்குள் என்ன செய்திருப்பீர்கள்? ஏ.சி.க்காகவே கட்டிய அறைகளில் கண்ணாடியைத் திறக்க வழியே இருக்காது.

சீனக்குடாத் தந்தை:
ஜெனரேட்டர் என்று ஒன்று இருக்கிறது.

பாலர்வகுப்பு ரீச்சர்:
அந்த நாட்களில் டீசல் வரிசையில் நின்றதை மறந்துவிட்ட ஒரே ஆள் நீங்கள்தான்.

உவர்மலை அம்மா:
அந்தக் குளிர் அறை நிலையம் ஒன்றையும் போய்ப் பார்த்தவள்தான் நான். சொல்லாமல் கொள்ளாமல் காலை பதினொரு மணிக்குப் போனேன். வாசலிலேயே மறித்து, நேரம் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். இப்போது விடும் இடத்தில் எப்போது போனாலும் கதவு திறக்கும். நப்பி மாற்றிய ஆயா சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதைக் கண்ணால் பார்த்தேன். யார் வந்து அழைத்துப் போகலாம் என்று பெயர் எழுதி வாங்கினார்கள். என் தம்பி ஒருநாள் போய்க் கேட்டபோது, பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவனுக்குக் கோபம், எனக்கு நிம்மதி. ஆயாக்கள் மாதத்துக்கு ஒருவராக மாறவும் இல்லை.

சீனக்குடாத் தந்தை:
எல்லாம் நல்லது. ஏ.சி. இல்லை.

பாலர்வகுப்பு ரீச்சர்:
பிள்ளைக்கு அடி விழுந்தால் 1929 இலக்கத்துக்கு எடுத்துச் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிடம் முறையிடலாம். ஏ.சி. இல்லை என்றும் எடுத்துப் பாருங்கள், என்ன சொல்கிறார்கள் என்று கேட்போம்.

நிலாவெளி மருமகன்:
வீட்டில் அம்மம்மா இருக்க டேகெயார் எதற்கு? எங்கள் பிள்ளைகள் ஏ.சி.யும் இல்லாமல் ஆயாவும் இல்லாமல் வளர்ந்தன.

உவர்மலை அம்மா:
என் அம்மா கனடாவில் இருக்கிறார். மாமிக்கு முழங்கால் வலி. உங்கள் வீட்டு அம்மம்மாவைக் காலை எட்டு முதல் நாலேகால்வரை அனுப்பி வைப்பீர்களா?

நிலாவெளி மருமகன்:
கனடாவுக்குப் போனது யார் தவறு?

கிண்ணியாக்காரி:
அம்மம்மாவுக்கும் முழங்கால், முதுகு எல்லாம் இருக்கிறது அண்ணன். அவரைக் கேட்டுவிட்டா எழுதுகிறீர்கள்?

கணக்கர்:
என் கேள்வி அப்படியே நிற்கிறது.

பாலர்வகுப்பு ரீச்சர்:
நிற்கட்டும் தம்பி. முதலில் இந்த ஏ.சி. விஷயத்தை முடிப்போம். போன மாதம் இங்கே நடந்த தண்ணீர்ப் போத்தல் வாதத்திலும் இதே சீனக்குடாத் தம்பிதான் கடைசிவரை பிடிவாதம் பிடித்தார். வேப்பமர நிழலில் பாய் விரித்துப் பிள்ளைகளைத் தூங்க வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளையாவது வெந்து போனதா?

சீனக்குடாத் தந்தை:
தண்ணீர்ப் போத்தலிலும் நான் சொன்னதுதான் சரி. ரீச்சர், ஒரே கேள்வி: உங்கள் வீட்டில் ஏ.சி. இருக்கிறதா, இல்லையா?

பாலர்வகுப்பு ரீச்சர்:
மூத்த மகன் வந்தபோது பொருத்திவிட்டுப் போனது. நான் போடுவதில்லை.

சீனக்குடாத் தந்தை:
பொருத்தியிருக்கிறது. நன்றி.

பாலர்வகுப்பு ரீச்சர்:
போடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பாதி வசனத்துக்கு மேல் வாசிக்க வராதா?