பிரியும் டச்சு வினைகளுக்குப் பெயர்: 'பிரியொட்டு வினை' சரிவருமா?

ஐயா, வணக்கம்.

டச்சு மொழியில் சில வினைகள் வாக்கியத்தில் இரண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும். அவற்றைத் தமிழில் 'பிரிநிலை வினை' என்று அழைக்கலாம் என்ற உங்கள் பரிந்துரை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிநிலை என்றதும் தமிழ் இலக்கணம் படித்தவருக்கு ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஏகாரம்தான் ('ஏ' என்ற இடைச்சொல்) நினைவுக்கு வரும். தொல்காப்பியமே ஏகாரத்தின் பொருள்களில் ஒன்றாக அதை எடுத்துக்கொண்டுவிட்டது. போதாக்குறைக்கு, தமிழ் வினை வகைகளான தெரிநிலை வினை, குறிப்பு வினை வரிசையில் இதுவும் ஒன்று என்று மாணவர் எண்ணிவிடுவார். இன்னொருவர் சொன்ன 'பிரிவினை' வேண்டவே வேண்டாம், சொத்துத் தகராறுக்குப் போய்விடும்.

வாக்கியத்தை வைத்தே பேசுவோம்.

தெ த்ரெய்ன் கொம்த் ஒம் அக்த் யூர் இன் உட்ரெக்ட் ஆன்.

ரயில் எட்டு மணிக்கு உட்ரெக்ட் வந்து சேர்கிறது. அகராதியில் தேட வேண்டிய வினை 'ஆன்கோமன்', அதாவது வந்து சேர்தல். வெறும் 'கோமன்' என்றால் வருதல். 'கொம்த்' இரண்டாம் இடத்தில் நின்றுகொள்ள, 'ஆன்' வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட்டது. நேரமும் ஊரும் நடுவில். இதையே 'ஒம்தத்' (ஏனென்றால்) போட்டுத் துணைவாக்கியமாக்கினால் வினை நம் தமிழைப் போல இறுதிக்கு வரும், இரண்டும் 'ஆன்கொம்த்' என்று ஒட்டிக்கொள்ளும். முற்றுப்பெற்ற செயலைச் சொல்லும்போது நடுவில் ஒரு 'ஹெ' நுழைந்து 'ஆன்ஹெகோமன்' ஆகும்.

நம் 'வந்தேவிட்டான்' இதுதானே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அங்கே இடையில் புகுவது ஓர் ஏகாரம் மட்டுமே. மணியும் ஊரும் புக முடியாதே!

'ஆன்' போல வினைக்கு முன்னால் ஒட்டும் துண்டை 'முன்னொட்டு' என்பார்கள். என் சிக்கல் அந்தச் சொல்லோடுதான். மேலே 'ஆன்' நிற்பது வாக்கியத்தின் கடைசியில். அதைப் போய் முன்னொட்டு என்றால் படிப்பவர் குழம்ப மாட்டாரா? 'முன்'னை வெட்டிவிட்டு 'பிரியொட்டு' என்கிறேன். வினைத்தொகை, ஆகவே பிரிந்த, பிரிகிற, பிரியும் ஒட்டு எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தத் துண்டு பிரியொட்டு, முழு வினை பிரியொட்டு வினை.

எதிர்ச்சொல்லும் வேண்டும். 'வோர்கோமன்' என்று ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு வினைகள் உண்டு. அழுத்தம் 'வோர்' மேல் விழுந்தால் நிகழ்தல். அது பிரியும்: தத் கொம்த் வாக் வோர், அது அடிக்கடி நடக்கிறது. அழுத்தம் 'கோ' மேல் விழுந்தால் தடுத்தல். பிரியாது, நடுவில் 'ஹெ'யும் வராது. இந்த இரண்டாவதற்கு 'பிரியாவொட்டு வினை'. பிரியா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ('பிரியாத' என்பதில் கடைசி எழுத்து மறைந்தது), இலக்கணத்துக்கு உட்பட்டதுதான்.

வாய்விட்டுச் சொல்லும்போது 'பிரியொட்டு', 'பிரியாவொட்டு' இரண்டும் ஒன்றுபோல் கேட்கும் என்ற குறை எனக்கும் தெரிகிறது. வகுப்பில் பேசும்போது 'பிரியாத ஒட்டு' என்று விரித்துச் சொல்லிக்கொள்ளலாம். ஜெர்மன் மொழியிலும் இதே வகை வினைகள் இருப்பதால், அதைக் கற்பிப்பவர்கள் ஏற்கெனவே வேறு சொல் புழங்குகிறார்களா என்று சொன்னால் அதையே எடுத்துக்கொள்ள எனக்குத் தடையில்லை.