ஒளியுணரியா, ஒளியூக்கியா, ஒளியுணர்த்தியா?

அன்புடையீர், வணக்கம்.

வெளிச்சம் பட்டால் மட்டுமே பாக்டீரியாவைக் கொல்லும் சாயங்களுக்கு (ஆங்கிலத்தில் photosensitizer) ‘ஒளியுணரி’ என்று நண்பர் முன்மொழிந்ததை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அந்தி சாய்ந்ததும் தெருவிளக்கைத் தானாக எரியவிடும் கருவிக்கு அச்சொல் ஏற்கெனவே வழங்குகிறது. அதைவிட முக்கியமாக, இச்சாயத்தின் வேலை உணர்வதோடு முடிவதில்லை.

மெத்திலீன் நீலத்தையே எடுத்துக்கொள்வோம். மீன்தொட்டிக்கென வாங்கும் அந்தப் புட்டியிலிருந்து ஒரு துளி விரலில் பட்டுவிட்டால், எத்தனை முறை சோப்புப் போட்டாலும் கறை லேசில் போகாது. அதன் மூலக்கூறு ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளியை உட்கொண்டு, அந்த ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றுகிறது. கிளர்வுற்ற ஆக்சிஜன் நீரில் சில மைக்ரோநொடிகளே நிலைத்திருக்கும் என்றாலும், அதற்குள் கைக்கெட்டும் சவ்வையும் புரதத்தையும் சிதைத்துவிடும். ஆகவே சாயம் செல்லோடு ஒட்டியிருந்தால்தான் பலன்.

1900இல் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் என்ற சாயம் கலந்த நீரிலிருந்த பரமீசியங்கள் என்னும் ஒருசெல் உயிரிகள் வெளிச்சத்தில் விரைவில் மடிவதையும் இருட்டில் தாக்குப்பிடிப்பதையும் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அவருடைய ஆசிரியர் டாப்பைனர் இதற்கு இட்ட பெயரை ஒட்டியே நாம் ‘ஒளியியக்க’ (photodynamic) என்கிறோம். நிழற்படத் தகட்டைச் சாயத்தால் கூருணர்வாக்குவதிலிருந்து பிரித்துக்காட்டவே அவர் அப்பெயரைத் தேர்ந்தார். இங்கே எது இயங்குகிறது என்று தமிழ் மாணவர் கேட்டால் விடை சொல்வது கடினம்.

‘ஒளியூக்கி’ அழகான சொல்தான். ஆனால் ஒளியை ஊக்குவதா, ஒளியால் ஊக்கம் பெறுவதா என்று வேற்றுமைத்தொகை இரண்டு பக்கமும் இழுக்கிறது; ஒளி பட்டால் வேதிவினையை விரைவாக்கும் டைட்டானியம் டைஆக்சைடு போன்ற ஒளிவினையூக்கிகளோடும் குழம்பும்.

எனவே ‘ஒளியுணர்த்தி’யை முன்வைக்கிறேன். திருந்து, திருத்து என்பதுபோல் உணர், உணர்த்து என்ற தன்வினை, பிறவினை வேறுபாடே இங்குத் தேவையான பொருளைத் தந்துவிடுகிறது: தானாக ஒளிக்கு மசியாத செல்லை மசியவைப்பது. ‘உணர்த்து’ என்றால் அறிவிப்பது என்றும் பொருள்படுமே எனலாம். அறிவிக்கும் பொருள்களுக்குக் ‘காட்டி’ என்ற விகுதி வேரூன்றிவிட்டதால் குழப்பம் நேராது என்பது என் கணிப்பு.

இச்சாயத்தையும் ஒளியையும் கொண்டு கிருமியை அழிக்கும் சிகிச்சையின் பெயரில் வெறும் ‘ஒளிவழி’ போதாது. புறஊதாக் கதிர் எந்தச் சாயமும் இன்றி நேரடியாக டிஎன்ஏவைத் தாக்கிக் கொல்கிறது, அதுவும் ஒளிவழிதான். நீளமானாலும் ‘ஒளியுணர்த்திவழிக் கிருமியழிப்பு’ என்றே எழுதலாம். இதைவிடச் சுருக்கமாக யாருக்கேனும் தோன்றுகிறதா?

அன்புடன்.