'கையெழுத்துப் பிரதி' போதவில்லை: 'தன்னெழுத்து' என்று சொல்லலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

'ஆட்டோகிராஃப் மேனுஸ்கிரிப்ட்' இழையைத் தொடர்கிறேன். இயற்றியவரே தன் கைப்பட எழுதிய படிக்கு ஒரு சொல் வேண்டும். 'கையெழுத்துப் பிரதி' இருக்கும்போது புதிதாக எதற்கு என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

வேலூரில் நாங்கள் சிலர் ஒரு சிறு நூலகத்தின் பழைய நோட்டுகளுக்கு அட்டவணை எழுதிவருகிறோம். ஒரே பாட்டு இரண்டு நோட்டுகளில் கிடைத்தது. 1903-இல் வாணியம்பாடியைச் சீரழித்த பாலாற்று வெள்ளத்தைப் பற்றிய சிந்து. ஒரு நோட்டில் 'பெருகி' என்று எழுதி அடித்து, மேலே 'புரண்டு' என்று எழுதி, அதையும் அடித்து, ஓரத்தில் 'திரண்டு' என்று பொடியாக எழுதியிருக்கிறது. அடுத்த சொல் 'தெருவெல்லாம்'. 'திரண்டு' வந்ததும் மோனை சேர்ந்துவிடுகிறது. அந்த மனிதர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்த நேரமே தாளில் இருக்கிறது. இன்னொரு நோட்டில் அடித்தல் திருத்தல் எதுவுமில்லை, 'திரண்டு' மட்டும். முதல் நோட்டில் லை, ணை எல்லாம் பழைய கொம்பு வடிவம். இரண்டாவது, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பள்ளியில் படித்த கை. ஆனால் எங்கள் அட்டவணையில் இரண்டுமே 'கையெழுத்துப் பிரதி' என்றுதான் ஏறின. ஆராய வருகிறவர் எதை முதலில் கேட்பார்?

அப்புறம், நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்த, பாட்டு எழுதியவரின் கொள்ளுப்பேரன் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல தாத்தா கையெழுத்தே இல்லையே சார்" என்றார். பக்கம் முழுக்க அவர் கையெழுத்துதான். பேரன் தேடியது ஒப்பம். இன்றைய பேச்சில் கையெழுத்து என்றால் முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது. 'ஆட்டோகிராஃப்' என்று அப்படியே எழுதினாலும் இதே குழப்பம்தான்.

'மூலப்படி' என்று முன்மொழிந்த ஐயாவுக்கு: மூலம் என்றால் நம் மரபில் உரை நீங்கிய நூல், 'மூலமும் உரையும்' என்றுதானே அச்சிடுகிறோம். பதிப்புக்கு ஆதாரமான ஏட்டையும் மூலம் என்போம். அது நகலின் நகலாகவும் இருக்கலாம். சங்கப் பாடல் எதற்கும் பாடியவர் கைபட்ட ஓலை நம்மிடம் இல்லை. பெயர்த்துப் பெயர்த்து எழுதியே வந்து சேர்ந்தவை. குழுமத்து அம்மையார் ஒருவர் சொன்ன 'தன்கைப்படி' எனக்குப் பிடித்தது. ஆனால் 'கைப்படி' கைப்பிரதியோடு போய் ஒட்டிக்கொள்கிறது.

நான் போய் நின்ற இடம் பெரியபுராணம். திருவெண்ணெய்நல்லூர் வழக்கில் சுந்தரர் கிழித்தது படியோலை. சுந்தரர் தன் அடிமை என்று வழக்காடும் முதியவர் (சிவன்) எடுத்துக் காட்டுவது மூலவோலை. சபையார் சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறு ஓலையை வரவழைத்து, எழுத்தை ஒப்பு நோக்குகிறார்கள். கை பார்த்து ஆளை அறியும் முறை 12-ஆம் நூற்றாண்டுக் காப்பியத்திலேயே இருக்கிறது! அந்த மூலவோலை 'இதற்கு இவை என் எழுத்து' என்று முடிகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் சான்றிட்டவர் பெயரோடு 'எழுத்து' என்றே வரும். 'என் எழுத்து' என்று ஒருவர் உரிமையோடு சொன்னதை நாம் வெளியே நின்று சொன்னால் 'தன்னெழுத்து'.

'தன்னெழுத்துப்படி' என்றே முதலில் எழுதிப் பார்த்தேன். 'எழுத்தின்படி' என்று பொருள்படுகிறது, வேண்டாம். தன்னெழுத்து தனியாகவே நிற்கும். தேவைப்பட்டால் தன்னெழுத்து ஏடு, தன்னெழுத்து நோட்டு, தன்னெழுத்துத் தாள். பழைய உறையின் பின்புறம் கிறுக்கிய நாலு வரிக்கும் பொருந்தும். நகலெடுத்தவர் கை 'பிறரெழுத்து'.

சரி, இனிதான் சிக்கல். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள். அது அவர் எழுத்தில்லை, ஆனால் நகலும் இல்லை. பாட்டு பிறந்த கணத்தின் முதல் பதிவு. இதைப் பிறரெழுத்தில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. பள்ளியில் 'சொல்வதெழுதுதல்' என்போமே, அதை ஒட்டி 'கேட்டெழுத்து' எனலாமா? எங்கள் பக்கத்துக்கு இது அவசரத் தேவை. 1989-இல் மாவட்டம் பிரிவதற்கு முன் வட ஆற்காட்டில் இருந்த செய்யாறு வட்டாரத்தில் கூத்து வாத்தியார்களின் நோட்டுகள் உண்டு. வாத்தியார் சொல்ல எழுதியது, இன்னொரு நோட்டைப் பார்த்து எழுதியது, எழுதும்போதே தன் பாட்டைச் சேர்த்தது, எல்லாம் ஒரே நோட்டில் கலந்து கிடக்கும். அதற்குப் பக்கம் பக்கமாகத்தான் குறிக்க வேண்டும்.

ஆகவே அட்டவணை அட்டையில் 'எழுத்து' என்று ஒரு கட்டம். அதற்குள் தன்னெழுத்து, பிறரெழுத்து, கேட்டெழுத்து என்ற மூன்றில் ஒன்று. மூன்றாவதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. கூத்து நோட்டுகளோடு பழகியவர்கள் இதைவிட நல்ல சொல் வைத்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி அட்டை எழுத உட்காருகிறோம், அதற்குள் சொல்லுங்கள். வெள்ளச் சிந்தின் முதல் நோட்டுக்கு மட்டும் பென்சிலால் 'தன்னெழுத்து' என்று குறித்துவைத்திருக்கிறேன்.