ஸ்டெம் செல் மாற்று முடிந்து அம்மா வீடு திரும்புகிறார்: என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

அல்லி:

வணக்கம். அம்மாவுக்கு வயது 54, அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய். பெரியம்மா கொடுத்த ஸ்டெம் செல்லை (இரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்) ஏற்றி இன்று 26ஆம் நாள். செல் பிடித்துவிட்டது, இந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நியூட்ரோபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) 1,400, ஹீமோகுளோபின் 8.9, பிளேட்லெட் 38,000. மார்பில் ஹிக்மேன் லைனோடுதான் (மருந்து ஏற்றவும் இரத்தம் எடுக்கவும் பெரிய இரத்தக் குழாய்க்குள் விட்ட மெல்லிய குழாய்) வருகிறார். மருந்துகள்: டாக்ரோலிமஸ் (நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து) காலை மாலை, போசகோனசோல், ஏசைக்ளோவிர், கோட்ரைமாக்சசோல், மெக்னீசியம்.

வீட்டில் அப்பா, நான், ஒன்றரை வயதுப் பையன், ஒரு பூனை. மூன்று விஷயங்களில் குழப்பம். அம்மாவின் அறையில் ஈரம் ஊறிய சுவரைக் கொத்திப் பூசி, புதுப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார் அப்பா, சரியா? எந்த அறிகுறிக்கு உடனே ஓட வேண்டும், எதற்கு மறுநாள் வரை பொறுக்கலாம்? பையனையும் பூனையையும் வேறெங்காவது அனுப்பியே ஆக வேண்டுமா?

வார்டு செவிலி:

அப்பாவை முதலில் நிறுத்துங்கள். சுவரைக் கொத்தினால் பறக்கும் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் இருக்கும். நமக்கு அது ஒன்றும் செய்யாது. உங்கள் அம்மாவுக்கு அது நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. போசகோனசோல் கொடுப்பதே இதற்காகத்தான். ஈரச் சுவர் இருக்கும் அறையை இப்போதைக்குப் பூட்டிவிட்டு, காய்ந்த, காற்றோட்டமுள்ள வேறொரு அறையைக் கொடுங்கள். மராமத்து எல்லாம் அப்புறம். பக்கத்து வீட்டில் இடிப்பு வேலை நடந்தால் அந்தப் பக்கத்து ஜன்னலை மூடி வையுங்கள். மண் தொட்டிச் செடிகளும் பூ ஜாடியும் அறையில் வேண்டாம். ஏசி இருந்தால் அவர் வருவதற்கு முன்பே ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். தினமும் ஈரத் துணியால் துடைத்தால் போதும், அதையும் அவர் அறையில் இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.

வீட்டுச் சுத்தத்துக்கு இதற்கு மேல் மெனக்கெட வேண்டாம். கிருமிநாசினி வாங்கிக் குவித்துவிட்டு, ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த எண்ணை அழைப்பது என்று தெரியாமல் இருக்கும் குடும்பங்கள்தான் அதிகம். ஆபத்து அங்கேதான். வார்டின் இரவு நேர எண்ணை இன்றே கேட்டு வாங்கி, வீட்டில் எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள்.

காய்ச்சல் விஷயம் இது: டிஜிட்டல் தெர்மாமீட்டரில் காலை, மாலை, அப்புறம் உடம்பு சரியில்லை என்று அவர் சொல்லும்போதெல்லாம் பாருங்கள். சூடாகவோ குளிர்ச்சியாகவோ எதையாவது குடித்திருந்தால் கால் மணி நேரம் கழித்து வாயில் வையுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்க்கவே கூடாது. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் உடனே அழைத்துவிட்டுக் கிளம்புங்கள், நள்ளிரவானாலும். அழைக்கும் முன் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். காய்ச்சல் இறங்கிவிடும், கிருமி இரத்தத்தில் அப்படியே இருக்கும். மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பதுதான் கணக்கு. காய்ச்சலே இல்லாமல் நடுக்கம், குழப்பம், தலைசுற்றல் இருந்தாலும் கிளம்ப வேண்டியதுதான். பின்னாளில் ஸ்டீராய்டு தொடங்கினால் காய்ச்சல் வெளியே தெரியாமலே தொற்று முற்றலாம்.

லைனை ஃப்ளஷ் செய்து (சிரிஞ்சால் உப்பு நீர் செலுத்திக் கழுவி) அரை மணி, ஒரு மணி நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால் அது பெரும்பாலும் லைனுக்குள் குடியேறிய கிருமி. அந்த லைனை மறுபடி தொடாமல் அழைத்துச் சொல்லுங்கள்.

ஃப்ளஷ் செய்யக் கற்றுக்கொடுக்காமல் டிஸ்சார்ஜ் வாங்காதீர்கள். செவிலி பார்த்துக்கொண்டிருக்கையில் நீங்களே ஒருமுறை செய்து காட்டிவிட்டு வாருங்கள். கை கழுவி, மூடியின் முனையை ஆல்கஹால் துணியால் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, அது காய்ந்த பிறகுதான் சிரிஞ்சை மாட்ட வேண்டும். 10 மி.லி. சிரிஞ்சுக்குச் சிறியது கூடாது. சிறிய சிரிஞ்சில் அழுத்தம் அதிகமாகி லைன் வெடித்துவிடும். கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, மறுபடி தள்ளி என்று விட்டுவிட்டுச் செலுத்துங்கள். போகவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங் என்றால் வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். நனைந்தாலோ ஓரம் பிரிந்தாலோ அன்றே. கத்தரிக்கோலைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். லைன் கிழிந்துவிட்டால் கிழிசலுக்கும் உடம்புக்கும் நடுவில் கிளாம்ப் போட்டு, அல்லது மடக்கிப் பிடித்துக்கொண்டு, நேராக மருத்துவமனைக்கு.

பூனையை அனுப்ப வேண்டாம். அம்மா அதன் மணல் தட்டைத் தொடக் கூடாது, அது அவர் கட்டிலில் படுக்கக் கூடாது, அவ்வளவுதான். தட்டை வேறொருவர் தினமும் காலி செய்ய வேண்டும்: பூனை மலத்தில் இருக்கும் டாக்சோபிளாஸ்மா தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதற்குள் அள்ளிக் கொட்டிவிட்டால் கவலை இல்லை. பையனும் இருக்கட்டும். அவன் டயப்பரை அம்மா மாற்ற வேண்டாம், மூக்கு ஒழுகினால் அது நிற்கும் வரை அம்மாவின் அறைப் பக்கம் வர வேண்டாம். அவனுக்கு அடுத்து வரும் போலியோ தவணையைச் சொட்டு மருந்தாக இல்லாமல் ஊசியாகக் கேளுங்கள். சொட்டு மருந்தின் உயிருள்ள வைரஸ் அவன் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். நீங்களும் அப்பாவும் இன்ஃப்ளுயன்சா ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து மேசை:

மேலே செவிலி சொன்னதற்கு அப்படியே உடன்படுகிறேன். மருந்துப் பக்கம் மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் முதல் மாதத்தில் திரும்ப அட்மிட் ஆவதற்கு இங்கேயும் காரணம் இருக்கிறது.

டாக்ரோலிமஸை 12 மணி நேர இடைவெளியில், தினம் அதே நேரத்தில் கொடுங்கள். இரத்தப் பரிசோதனை நாளில் காலை டோஸை வீட்டில் கொடுக்காமல் கையில் எடுத்துப் போய், இரத்தம் எடுத்த பிறகு கொடுங்கள். மருந்து விழுங்கிவிட்டுப் போனால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும், டாக்டர் டோஸைக் குறைப்பார், அப்புறம் கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட், அதாவது பெரியம்மாவின் செல்கள் அம்மாவின் உடலையே தாக்கும் நோய், தலைதூக்கும். வார்டில் டாக்ரோலிமஸ் டிரிப்பாகவும் ஏறியிருந்தால், அது ஏறிய அதே குழாயில் இரத்தம் எடுக்க விடாதீர்கள். குழாயின் உட்சுவரில் மருந்து ஒட்டியிருக்கும், அங்கேயும் அளவு தப்பாக வரும்.

போசகோனசோல் கல்லீரலில் டாக்ரோலிமஸ் உடைவதைத் தடுக்கிறது. அதனால்தான் டாக்ரோலிமஸ் டோஸ் இவ்வளவு குறைவாக எழுதியிருப்பார்கள். வாந்தி என்று நீங்களே போசகோனசோலை நிறுத்தினால் சில நாளில் டாக்ரோலிமஸ் அளவு சரிந்துவிடும். ஒன்றை மாற்றினால் இன்னொன்றை அளக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். போசகோனசோல் மாத்திரையை உணவோடு, உடைக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். டாக்ரோலிமஸ் பிராண்டை மருந்துக் கடை மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒருமுறை போடும் வகையும் இரண்டுமுறை போடும் வகையும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. பம்ப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டும் கூடாது. மூலிகைப் பொடி, கஷாயம், புரோபயாட்டிக் எதுவும் கேட்காமல் வேண்டாம். வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வேண்டவே வேண்டாம்: பிளேட்லெட் 38,000இல் இரத்தக் கசிவு, டாக்ரோலிமஸோடு சேர்ந்து சிறுநீரகச் சேதம்.

டோஸ் தவறிவிட்டால் அடுத்த வேளையோடு இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது, அழைத்துக் கேளுங்கள். கை நடுக்கம் பரவாயில்லை, அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். கடுமையான தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு என்றால் உடனே ஓட வேண்டும். வீட்டில் இரத்த அழுத்தக் கருவி ஒன்று இருக்கட்டும், இந்த மருந்து அழுத்தத்தை ஏற்றும்.

வயிற்றுப்போக்கு பற்றி ஒரு வார்த்தை. மெக்னீசியம் மாத்திரையே பேதி போக வைக்கும், குடலில் வரும் கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்டும் பேதியாகத்தான் தொடங்கும். "மாத்திரையால்தான் இருக்கும்" என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். கழிவறையில் ஓர் அளவுக் குவளை வைத்து அளந்து எழுதுங்கள். ஒரு நாளில் 500 மி.லி.க்கு மேல் தண்ணீராகப் போனால் கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்டைச் சந்தேகித்தே ஆக வேண்டும். பேதியோடு டாக்ரோலிமஸ் அளவும் ஏறும், ஆக அன்றே அழையுங்கள்.

தோலையும் தினமும் பாருங்கள்: உள்ளங்கை, உள்ளங்கால், காதுக்குப் பின்புறம், மேல் மார்பு. சிவந்தால் அதே இடத்தை அதே வெளிச்சத்தில் தினம் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கோட்ரைமாக்சசோல் அலர்ஜியும் இப்படியே தெரியும் என்பதால் பிரித்தறிய அந்தப் படங்கள் உதவும். வெயில் பட்டால் தோலில் கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட் கிளம்பலாம். முழுக்கைச் சட்டை, தொப்பி, எஸ்பிஎஃப் 30க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன்.

அல்லி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பூச்சு வேலையை நிறுத்தியாயிற்று. இன்னொன்று: அம்மாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை, எல்லாம் இரும்புச் சுவையாக இருக்கிறதாம். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு லிட்டர்கூடப் போவதில்லை. பச்சையாக எதுவுமே கூடாதா?

உணவியல்_துணை:

பச்சையாக எதுவுமே கூடாது என்ற கடும் பத்தியத்தால் தொற்று குறைகிறது என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. ஆள் மெலிவதுதான் மிச்சம். ஆனாலும் உங்கள் மருத்துவமனையின் விதி கடுமையாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். எந்த விதியானாலும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில: இறைச்சி உள்வரை வேக வேண்டும், கோழி என்றால் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ். முட்டையின் மஞ்சள் கரு கெட்டியாக வேண்டும். காய்ச்சாத பால், பச்சை மீன், முளைகட்டிய பயறு பச்சையாக, பூஞ்சை படிந்த சீஸ் வேண்டாம். சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அவருக்குக் கொடுக்காதீர்கள். ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். மிளகுத்தூள் போன்றவற்றை இறக்கியபின் தூவாமல் கொதிக்கும்போதே சேருங்கள். தடித்த தோலுள்ள பழத்தைக் கழுவி, பிறகு உரித்துக் கொடுக்கலாம். பச்சை இறைச்சிக்குத் தனிக் கத்தி, தனிப் பலகை.

தண்ணீரை லிட்டராக நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கும். விழித்திருக்கும் நேரத்தில் அரை மணிக்கு 80, 100 மி.லி. என்று சின்ன டம்ளரில் நீட்டுங்கள். சூப், பால், ஐஸ் துண்டு எல்லாம் கணக்கில் வரும். டாக்ரோலிமஸ் சிறுநீரகத்தை நெருக்குவதால்தான் இந்த வற்புறுத்தல். ஒரு முழு நாள் ஒரு லிட்டரைத் தாண்டாவிட்டால், அல்லது சிறுநீர் அடர்ந்து குறைந்தால், அழையுங்கள். டே கேரில் டிரிப் ஏற்றிக்கொண்டு அன்றே திரும்பலாம். இரும்புச் சுவைக்கு பிளாஸ்டிக் கரண்டி, ஆறிய உணவு, சாப்பிடும் முன் வாய் கொப்பளிப்பு. ஒரு டம்ளர் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா, நாளைக்கு நான்கு முறை, விழுங்காமல். தினமும் காலையில் அதே உடையில் எடை பாருங்கள். வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால் அடுத்த ஓபிடி வரை காத்திருக்காமல் சொல்லுங்கள்.

வார்டு செவிலி:

பத்தியத்தைப் பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. விட்டுப்போன ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன்.

அவசரத்தில் வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்து, அங்கே இரத்தமோ பிளேட்லெட்டோ ஏற்ற வேண்டி வந்தால், கதிர்வீச்சு செலுத்திய, வெள்ளணு நீக்கிய பைதான் ஏற வேண்டும். சாதாரணப் பையில் இருக்கும் உயிருள்ள வெள்ளணுக்கள் அம்மாவின் உடலைத் தாக்கக்கூடும், அதற்கு வைத்தியம் கிட்டத்தட்ட இல்லை. பெரியம்மாவின் இரத்த வகை வேறு என்றால் அம்மாவின் வகையும் மெல்ல மாறும், அதனால் பழைய கார்டைக் காட்டி இரத்தம் கேட்காதீர்கள். அம்மாவின் பழைய வகை, பெரியம்மாவின் வகை, மாற்று நடந்த தேதி, மருந்துப் பட்டியல், "கதிர்வீச்சு செலுத்திய இரத்தம் மட்டும்" என்ற வரி, வார்டு எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, டாக்டர் கையொப்பத்தோடு லேமினேட் செய்து அம்மாவின் கைப்பையில் ஒன்று, அப்பாவின் பர்ஸில் ஒன்று வையுங்கள்.