பழைய எக்ஸ்1 வாங்கும்போது ரன்ஃப்ளாட் டயரை எவ்வளவு பெரிய குறையாகக் கருத வேண்டும்?

ஆழியாறு_பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2018-ஆம் ஆண்டில் பதிவான பி.எம்.டபிள்யூ. எக்ஸ்1 டீசல் கார் ஒன்றை வாங்குவதற்காகக் கோயம்புத்தூரில் அதன் முதல் உரிமையாளரிடம் நேரடியாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். முன்சக்கர இயக்கம் கொண்ட வகை. 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சர்வீஸ் ஆவணங்கள் ஒழுங்காக இருக்கின்றன. இன்ஜின், கியர்பாக்ஸ் பற்றி எனக்குப் பெரிய ஐயம் எதுவும் இல்லை. தயக்கமெல்லாம் டயரைப் பற்றித்தான். நான்கும் 225/50 ஆர்18 அளவிலான ரன்ஃப்ளாட் டயர்கள், அதாவது காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியவை, என்று உரிமையாளர் சொல்கிறார். டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன்; ஸ்டெப்னி இல்லை.

நான் வசிப்பது பொள்ளாச்சியில். நாள்தோறும் கோவைக்குப் போய் வருகிறேன். மாதம் இருமுறை வால்பாறையில் இருக்கும் பெற்றோரைப் பார்க்கப் போக வேண்டும். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள், பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது, இருட்டிய பிறகு சாலையில் யானை நிற்கும். திரும்பும்போது அம்மாவையும் மருத்துவரிடம் காட்ட அழைத்து வருவது வழக்கம். அவருக்கு முதுகுவலி உண்டு.

ரன்ஃப்ளாட் டயர் கல்லைப் போலக் கடினமாக இருக்கும், விலை அதிகம், பஞ்சர் ஆனால் ஒட்ட முடியாது, பள்ளத்தில் விழுந்தால் அலாய் வீல் வளைந்துவிடும் என்றெல்லாம் கேள்விப்படுகிறேன். இவற்றில் எதை உண்மையான குறையாக எடுத்துக்கொண்டு விலையைக் குறைத்துக் கேட்பது, எதைப் பொருட்படுத்தாமல் விடுவது? வாங்கிய உடனே சாதாரண டயருக்கு மாற்றிவிடுவது சரியா?

கொங்கு_டீசல் எழுதியது:

வணக்கம். இதே காரை, இதே டயர் அளவுடன், நான்கு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். முதல் இரண்டரை ஆண்டுகள் ரன்ஃப்ளாட், அதன் பிறகு சாதாரண டயர்.

கடினம் என்பது உண்மைதான், ஆனால் அது சாலையைப் பொறுத்தது. பொள்ளாச்சி–கோவை நான்குவழிச் சாலையில் உங்களுக்கு வேறுபாடே தெரியாது. ஊருக்குள் அடுத்தடுத்துப் போட்டிருக்கும் வேகத்தடைகளிலும், குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி அரைகுறையாக மூடிய இடங்களிலும்தான் ஒவ்வொரு அதிர்வும் இருக்கைக்கு வந்து சேரும். பின்னிருக்கையில் அது இன்னும் கூடுதல். உங்கள் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, விற்பவரின் அனுமதியுடன் அரைமணி நேரம் மோசமான சாலையில் ஓட்டிப் பாருங்கள். நாங்கள் எழுதுவதைவிட அந்த அரைமணி உங்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடும்.

எனக்கு வலித்தது வேறொன்று. ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு டயர்களின் பக்கவாட்டில் வீக்கம் வந்தது. இரண்டுமே பள்ளத்தில் இறங்கியதால் வந்தவை. ரன்ஃப்ளாட்டில் பக்கச்சுவர் தடிமனாக இருப்பதால் அது அடியை வாங்கிக்கொள்ளும் என்று நான் நினைத்திருந்தேன். நடந்தது நேர்மாறு: வளைந்து கொடுக்காத சுவர், அடியை அப்படியே உள்ளிருக்கும் நூலிழைகளுக்கும் ரிம்முக்கும் கடத்திவிட்டது. வீக்கம் வந்த டயருக்கு வைத்தியம் இல்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். அப்போது எனக்குச் சொல்லப்பட்ட விலை ஒரு ரன்ஃப்ளாட்டுக்கு இருபதாயிரத்துக்கு மேல். அதே அளவில் சாதாரண டயர் பதினைந்தாயிரத்துக்குள் கிடைத்தது. விலையைவிட எரிச்சலூட்டியது காத்திருப்பு. கோவையில் இருப்பு இல்லை, சென்னையிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி ஆறு நாட்கள் காரை நிறுத்திவைத்தார்கள். அந்தக் கார் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பாகங்களைப் பூட்டி உருவாக்கப்பட்டது; அதன் டயருக்கு நான் இங்கே தவம் கிடந்தேன்.

சாதாரண டயருக்கு மாறியதில் எனக்கு வருத்தம் இல்லை. டிக்கியில் 12 வோல்ட் காற்றடிப்பான், பஞ்சர் ஒட்டும் ஊசி-நாடா, அடைப்பான் திரவம் மூன்றையும் வைத்திருக்கிறேன். திரவக் குப்பிக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சக்கரக்காரன் எழுதியது:

பதினெட்டு ஆண்டுகளாக டயர்த் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

முதலில், நான்கும் ரன்ஃப்ளாட்தானா என்பதை உரிமையாளர் சொல்லை நம்பி முடிவு செய்யாதீர்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் ஆர்.எஃப்.டி., மிஷெலின் என்றால் இசட்.பி., கான்டினென்டல் என்றால் எஸ்.எஸ்.ஆர்., குட்இயர் என்றால் ஆர்.ஓ.எஃப்.; ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. பி.எம்.டபிள்யூ. ஒப்புதல் பெற்ற டயரில் கூடவே ஒரு நட்சத்திரக் குறியும் இருக்கும். நட்சத்திரம் இருப்பதாலேயே அது ரன்ஃப்ளாட் ஆகிவிடாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதே பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். பட்டன் (சாலையில் படும் ரப்பர் மேடுகள்) நிறைய மிச்சமிருக்கிறது என்று விற்பவர் காட்டுவார்; ஆனால் ரப்பருக்கு வயதும் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், எவ்வளவு பட்டன் இருந்தாலும் பத்தாண்டுக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது மிஷெலின் போன்ற நிறுவனங்களின் அறிவுரை. சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் என்பது கடைசி எல்லை. மழையில் மலையேறுபவர் அதுவரை காத்திருக்கக் கூடாது.

அடுத்து, ஒட்ட முடியாது என்ற பேச்சு. இதில் பாதி உண்மை, பாதி பயம். ஆணி பட்டன் பகுதியில் குத்தியிருக்கிறது, காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் நிறுத்தினீர்கள், காற்று முழுதாக இறங்கவில்லை என்றால், டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்துவிட்டு உள்ளிருந்து ஒட்டுவதைச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன; சில எதையும் அனுமதிப்பதில்லை. காற்றில்லாமல் ஓடிய டயரின் கதை வேறு. காரின் எடையைப் பக்கச்சுவர் தாங்கும்போது அது ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி விரிந்து சூடேறுகிறது. உள்ளே ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து கருந்தூளாகக் கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிது போலவே இருக்கும். அப்படிப்பட்ட டயரை ஒட்டி மறுபடியும் மாட்டிக் கொடுக்க நான் உடன்படுவதில்லை. முந்தைய உரிமையாளர் வேறெங்காவது ஒட்டியிருந்தால் அது உங்கள் தலையில் விடியும். ஆகவே வாங்குமுன் நல்ல கடையில் நான்கையும் கழற்றி உட்புறம் பார்க்கச் சொல்லுங்கள். பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால், டயரை அழுத்திப் பிடிக்கும் துணைக்கை உள்ள கழற்றும் இயந்திரம் இல்லாத கடையில் கழற்றினால் ரிம்மின் ஓரம் சிதையும்.

கழற்றும்போதே ரிம்மையும் பேலன்ஸிங் இயந்திரத்தில் சுழற்றிப் பார்த்துவிடலாம். வளைவும் விரிசலும் பெரும்பாலும் உட்பக்கத்து ஓரத்தில்தான் இருக்கும். வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. விலை பேச உதவுவது இதுதான், டயரின் கடினம் அன்று.

மலைச்சாரல் எழுதியது:

நண்பரே, எல்லோரும் டயரைப் பற்றியே பேசுகிறார்கள்; உங்கள் பாதையைப் பற்றி யாரும் கணக்குப் போடவில்லை. நான் தேனியிலிருந்து தனியாக இரவில் கார் ஓட்டிச் செல்லும் பெண் என்பதால் எனக்கு இந்தக் கணக்குதான் முதலில் தோன்றும்.

காற்று முழுதாக இறங்கிய ரன்ஃப்ளாட்டில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் போகலாம் என்பது பொதுவான வரையறை. அதுவும் சுமை, வெப்பம், சாலை ஆகியவற்றைப் பொறுத்துக் குறையும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். நடுவழியில் எங்கே பஞ்சரானாலும் ஏதாவது ஓர் ஊருக்கு நீங்கள் போய்ச் சேர்ந்துவிடலாம். யானை நடமாடும் வளைவில் இறங்கி நின்று ஜாக்கி போட வேண்டியதில்லை. ஆனால் வால்பாறையில் வைத்துப் பஞ்சரானால்? பொள்ளாச்சி வரை இறங்கிவிடலாம், அதற்கு மேல் கோவை இன்னும் 40 கிலோமீட்டர். மொத்தம் நூறைத் தாண்டுகிறது. ஆக, சரியான இயந்திரமும் டயர் இருப்பும் உள்ள ஊருக்கு அந்த டயர் உங்களைக் கொண்டு சேர்க்காது. பொள்ளாச்சியில் உங்கள் வீடு இருப்பதால் அங்கே நிறுத்திவிட்டு மறுநாள் மீட்பு வண்டியை அழைக்கலாம் என்பது உங்கள் நல்வாய்ப்பு.

சாதாரண டயர் போட்டிருந்தால், பட்டன் பகுதியில் ஆணி குத்தியதை நாடா வைத்து அடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்; வால்பாறையிலும் யாராவது அதைச் செய்து கொடுப்பார்கள். கூரான பாறை பக்கச்சுவரைக் கிழித்தால் நாடாவும் திரவமும் உதவாது, ஸ்டெப்னியும் இல்லை, சிக்னலும் இல்லை. எது நேர்வதற்கு வாய்ப்பு அதிகம், எது நேர்ந்தால் அதிகம் பயம் என்பவை இரண்டு வேறு கேள்விகள். நான் இரண்டாவது கேள்வியை வைத்து முடிவெடுத்தேன், ரன்ஃப்ளாட்டையே வைத்திருக்கிறேன். அதிர்வைப் பொறுத்துக்கொள்கிறேன்.

கொங்கு_டீசல் எழுதியது:

மலைச்சாரல் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். என் ஓட்டம் முழுவதும் கோவை–சேலம் நெடுஞ்சாலையில்தான், கைகாட்டினால் உதவி கிடைக்கும் தூரத்தில். மலைப்பாதைக்காரருக்கு என் முடிவை அப்படியே பரிந்துரைப்பது தவறு.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஸ்டெப்னி இல்லாத காரைப் போலீஸ் பிடிக்குமா என்று சிலர் அஞ்சுவார்கள். 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது, 3.5 டன்னுக்கு மிகாத பயணிகள் காரில் டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றார்கள். சாதாரண டயருக்கு மாறினால் அந்தப் பெட்டியை வாங்கி வைப்பது ஆகவே வெறும் வசதிக்காக மட்டும் அன்று. மாறுவதாக இருந்தால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டு ரன்ஃப்ளாட், இரண்டு சாதாரணம் என்று கலந்தால் வளைவில் காரின் முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோல நடந்துகொள்ளாது.

ஆழியாறு_பயணி எழுதியது:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை காரைக் கடைக்குக் கொண்டுபோய் நான்கையும் கழற்றிப் பார்த்தோம். விற்பவர் முதலில் முகம் சுளித்தார். கழற்றி மாட்டும் கூலியை நான் கொடுப்பதாகச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார்.

முன்னிரண்டும் 2022-இல் தயாரான ரன்ஃப்ளாட், உட்புறம் சுத்தம். பின்னிரண்டும் 2018-ஆம் ஆண்டுடையவை, காரோடு வந்தவை. அவற்றில் இடப்பக்கத்து டயருக்குள் சக்கரக்காரர் சொன்ன அதே கருந்தூள் ஒரு கைப்பிடி இருந்தது. பட்டனில் வெளியிலிருந்து வைத்த நாடா ஒன்றும் இருந்தது. உரிமையாளருக்கே இது தெரியாது என்று நினைக்கிறேன். காரை ஓட்டுநர்தான் பெரும்பாலும் ஓட்டியிருக்கிறார். அதே சக்கரத்தின் ரிம் உட்பக்கத்தில் லேசாக வளைந்திருக்கிறது, விரிசல் இல்லை. இரண்டு ரன்ஃப்ளாட் டயர்களின் விலையையும் ரிம் நிமிர்த்தும் செலவையும் கழித்துக் கேட்டேன்; விலை படிந்துவிட்டது.

அம்மாவைப் பின்னிருக்கையில் வைத்து ஆனைமலை வழியாக ஒரு சுற்றுப் போய் வந்தேன். முன்னிருக்கையில் உட்கார்ந்தால் பரவாயில்லை என்கிறார். ஆகவே பின்னிரண்டையும் ரன்ஃப்ளாட்டாகவே மாற்றிவிட்டு, முன்னிரண்டும் தேயும்வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். புதிய இரண்டையும் முன்னால் போடுவதா, பின்னாலா? காற்றழுத்த எச்சரிக்கையை மறுபடியும் அமைக்க வேண்டுமா?

சக்கரக்காரன் எழுதியது:

புதியவை பின்னால்தான் இருக்க வேண்டும். முன்சக்கர இயக்கம் என்பதால் முன்னால் போடச் சொல்லிப் பலர் வற்புறுத்துவார்கள், கேட்காதீர்கள்; ஈரமான இறக்கத்து வளைவில் பின்சக்கரம் பிடி விட்டால் கார் சுழன்றுவிடும், முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம்.

எச்சரிக்கையைக் கட்டாயம் மறுபடியும் அமையுங்கள். சில கார்களில் ஒவ்வொரு சக்கரத்திலும் அழுத்தமானி இருக்கும். சிலவற்றில் சக்கரங்கள் சுழலும் வேகத்தை ஒப்பிட்டுத்தான் காற்று குறைந்ததைக் கார் ஊகிக்கும். இந்த இரண்டாவது வகை என்றால், நான்கிலும் ஒரே அளவில் மெல்லமெல்லக் காற்று இறங்கும்போது அது வாயே திறக்காது. ரன்ஃப்ளாட்டில் கண்ணால் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, காற்றே இல்லாவிட்டாலும் சுவர் நிமிர்ந்து நிற்கும். ஓட்டுநர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவின்படி, டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் காற்றடித்துவிட்டு, பிறகு காரின் திரையில் வரும் பட்டியலில் போய் மறுபடி அமையுங்கள். வால்பாறைக்குக் கிளம்பும் நாட்களில் முந்தைய மாலையே கையழுத்தமானி வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய இரண்டு டயரையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், பக்கச்சுவரைக் கத்தியால் கிழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் அந்தக் கருந்தூள் டயர் துடைத்து மெருகேற்றப்பட்டு இன்னொருவர் காரில் ஏறிவிடும்.